வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காரில் கியர்பாக்ஸ் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1957-இல் லோட்டஸ் நிறுவனம் செவன் என்ற சின்னஞ்சிறு திறந்த காரை விற்கத் தொடங்கியது. 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. அந்த வடிவத்தைப் பார்த்து, பழைய ஃபோர்டு ஒன்றைப் பிரித்த பாகங்களை வைத்து, வீட்டுக் கராஜிலேயே சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், பற்றவைத்துக் கார் கட்டுகிறவர்கள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறார்கள். இந்த வகைக் காருக்கு ‘லோகாஸ்ட்’ என்று பெயர். லோட்டஸையும் குறைந்த செலவையும் சேர்த்துப் பண்ணிய சொல். லண்டன் ஹாரோவில், கார் நிறுத்தினால் கதவைத் திறக்க முடியாத அகலமுள்ள கராஜில் நானும் ஒன்று கட்டினேன். பார்க்க வருகிறவர்களும், கட்ட ஆசைப்படுகிறவர்களும் கேட்பதில் பாதி கியர்பாக்ஸைப் பற்றித்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை.

எஞ்சினை முதலில் வைப்பதா, கியர்பாக்ஸையா?

கியர்பாக்ஸை. எல்லோரும் எஞ்சினை ஆசையாகத் தொங்கவிட்டு, படம் எடுத்து, மவுண்டிங்கைப் பற்றவைத்துவிட்டுத்தான் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது கியர் கம்பி சீட்டின் முன் விளிம்பில் முளைத்திருக்கும். அல்லது பெல் ஹவுசிங், அதாவது கிளட்சை மூடி எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கூடு, கிளட்ச் பெடலின் இடத்தைத் தின்றிருக்கும்.

இந்த வகைக் காரில் எஞ்சின் முன்னே, சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் பின்னே, நடுவில் இரண்டு பேருடைய இடுப்புக்கு நடுவே ஒரு குறுகிய சுரங்கம். பின் அச்சின் இடம் முதலில் முடிவாகும். அடுத்து சீட்டைப் போட்டு, கார் ஓட்டப் போகிறவரையே உட்கார வையுங்கள். கை இயல்பாக எங்கே விழுகிறதோ அங்கே கியர் கம்பி. கம்பி எங்கே என்று தெரிந்தால் பெட்டி எங்கே என்று தெரியும். பெட்டி எங்கே என்று தெரிந்தால் எஞ்சினுக்கு வேறு வழியில்லை, போய் உட்கார வேண்டியதுதான். எஞ்சின் ரேடியேட்டரில் இடிக்கிறதே என்றால் ரேடியேட்டரை நகர்த்துங்கள். மனிதனின் கையை நகர்த்த முடியாது.

இந்தக் கட்டத்தில் உள்ளே ஒன்றும் இல்லாத, உடைந்த பெட்டியின் கூடு ஒன்று கிடைத்தால் பொக்கிஷம். பழைய இரும்புக் கடையில் ஏறக்குறைய சும்மா தருவார்கள். வார்ப்பிரும்புப் பெட்டியை முழு எடையோடு இருபது தடவை ஏற்றி இறக்கினால் முதுகு மறக்காது.

எந்தக் கியர்பாக்ஸ் வாங்கலாம்?

பின்சக்கர இயக்கக் காரில் நீளவாக்கில் உட்கார்ந்திருந்த பெட்டியாக இருக்க வேண்டும். பிரிட்டனில் பல காலமாக இதற்கு ஒரே பதில்: ஃபோர்டு டைப் 9. ஃபோர்டின் சியரா என்ற குடும்பக் காரில் வந்த ஐந்து கியர் பெட்டி. இரும்புக் கூடு, அலுமினிய வால், தனியாகக் கழற்றக்கூடிய பெல் ஹவுசிங். அந்தக் கடைசி விஷயம்தான் அதை இவ்வளவு பிரபலமாக்கியது. ஹவுசிங்கை மட்டும் மாற்றினால் வேறு எஞ்சினோடு சேர்த்துவிடலாம். உடம்பும் ஒல்லி, சுரங்கத்துக்குள் அடங்கும்.

அதற்குப் பின் வந்த எம்டி75 பலசாலி. ஆனால் ஹவுசிங்கும் பெட்டியும் ஒரே வார்ப்பு, உடம்பும் பருமன். செவன் வடிவச் சேஸிஸில் அதைத் திணிக்கச் சுரங்கத்தின் வாயை அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்தும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் யாரோ ஒருவர் கால் வைக்கும் இடத்திலிருந்துதான் வரும்.

இப்போது சியராவைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிரமம். ஆகவே பலரும் மாஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம் போகிறார்கள். 1989-இல் வந்த முதல் தலைமுறைப் பெட்டியின் கியர் மாற்றும் சுகமே தனி, மணிக்கட்டை அசைத்தால் போதும். ஒரு சங்கதி மட்டும் கவனம். அந்தக் காரில் பெட்டிக்கென்று பின் மவுண்டிங் கிடையாது. பெட்டியையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் முதுகெலும்பு போல இணைத்திருக்கும். அந்தச் சட்டத்தோடு அப்படியே எடுத்து வைத்தால் நிம்மதி. சட்டத்தை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்தால், அதன் வாலைத் தாங்க நீங்களே ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். டிஃபரன்ஷியலின் மூக்கு மேலெழும்பாமல் பிடிக்கவும் தனியாக வழி பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த வேலையையும் அதே சட்டம்தான் செய்துகொண்டிருந்தது.

டைப் 9-இல் முதல் கியர் பிரயோஜனமில்லை என்கிறார்களே?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு சிலிண்டர் சியராவின் டைப் 9 விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82. டிஃபரன்ஷியல் 3.92 என்று வையுங்கள். 185/60 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் உருளும்.

முதல் கியரில் எஞ்சின் 3.65 × 3.92, அதாவது 14.3 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 1000 சுற்றில் மணிக்கு 7.5 கி.மீ. எஞ்சினை 6500 வரை விரட்டினாலும் 49 கி.மீ.தான். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள குடும்பக் காரை, நாலு பேரையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் கிளப்ப வைத்த பல்சக்கரம் அது. நம் கார் அறுநூறு கிலோவுக்குள் நிற்கும். கிளட்சை விட்ட நொடியிலேயே இரண்டாவது கேட்கும். இரண்டாவதைப் போட்டால் 6500-இலிருந்து 3500-க்கு விழும். எஞ்சின் மூச்சு பிடித்து மறுபடி ஏற வேண்டும். முதல் கியர் வீண் என்று சொல்வது இதைத்தான்.

மருந்து இரண்டு. முதலாவது, வி6 எஞ்சினோடு வந்த டைப் 9-இன் பல்சக்கரங்கள்: 3.36, 1.81, 1.26, 1.00, 0.82. இதைப் பெரிய முன்னேற்றம் என்று விற்பார்கள். கணக்குப் போட்டால் முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே விழும் அளவு அப்படியேதான் இருக்கிறது, அங்கேயும் 6500-இலிருந்து 3500. முதல் கியர் 53 கி.மீ. வரை நீள்கிறது, மூன்றிலிருந்து நாலாவதுக்குப் போகும்போது விழுவது 4745-க்குப் பதில் 5160 ஆகிறது. லாபம் அவ்வளவே. வி6 பெட்டியின் முன் ஷாஃப்ட் நீளம் அதிகம் என்பதால் அதை அப்படியே நாலு சிலிண்டரில் மாட்ட முடியாது என்பதும் சேரும்.

இரண்டாவது மருந்து மலிவு: டிஃபரன்ஷியலை மாற்றுவது. சியராவிலேயே 3.62-உம் 3.38-உம் உண்டு. 3.38 போட்டால் முதல் கியரின் மொத்த விகிதம் 12.3-க்கு இறங்குகிறது. வி6 பல்சக்கரத்தோடு 3.92 வைத்திருப்பவருக்கு 13.2. ஐந்தாவதில் மணிக்கு 112 கி.மீ. போகும்போது எஞ்சின் 3330-க்குப் பதிலாக 2870-இல் ஓடும். காது கொஞ்சம் பிழைக்கும். பந்தயத் தடத்துக்கு மட்டும் போகிறவர் நெருக்கமான விகிதமுள்ள பல்சக்கரத் தொகுதி வாங்கட்டும், அதற்கான பணம் அவரிடம் இருந்தால்.

வேறு எஞ்சினோடு இந்தப் பெட்டியைச் சேர்க்கும்போது எதை எதைப் பார்க்க வேண்டும்?

ஹவுசிங் போல்ட் துளைகள் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் ஆரம்பம்.

பெட்டியின் முன் ஷாஃப்ட் முனை, கிராங்க் ஷாஃப்ட்டின் பின் முனையில் இருக்கும் ஒரு சிறு பேரிங்குக்குள் நுழைந்து உட்கார வேண்டும். அதை ஸ்பிகாட் பேரிங் என்பார்கள். முன்சக்கர இயக்கக் காரிலிருந்து எடுத்த எஞ்சினில் பெரும்பாலும் அந்தப் பேரிங்கே இருக்காது, அந்தக் காரில் அதற்கு வேலையில்லை. ஃபோர்டு ஜீடெக் எஞ்சினை டைப் 9-உடன் சேர்க்கிறவர்கள் கிராங்க் முனையில் புஷ் என்ற ஒரு வளையம் செய்து போட்டு அதில் பேரிங்கை இறக்குகிறார்கள். இதை மறந்துவிட்டு மாட்டினாலும் கார் ஓடும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் பெட்டியின் முன் பேரிங் ஊளையிடும்.

அடுத்தது கிளட்ச். தட்டின் நடு ஸ்பிளைன், அதாவது துளைக்குள் நீளவாக்கில் வெட்டிய பற்கள், பெட்டிக்குப் பொருந்த வேண்டும். வெளி விட்டம் பிளைவீலுக்கும் (எஞ்சின் முனையில் சுற்றும் கனத்த சக்கரம்) பிரஷர் பிளேட்டுக்கும் (தட்டை அதோடு அழுத்திப் பிடிப்பது) பொருந்த வேண்டும். ஆக, ஒரு காரின் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால் கிடைக்காது, ஸ்பிளைன் பல் எண்ணிக்கையையும் விட்டத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். டைப் 9-க்கு 23 பல்.

ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் வருகிறது, அதன் பினியன் (சிறு பல்சக்கரம்) பிளைவீல் வளையத்தைச் சரியாகக் கடிக்கிறதா என்பதையும் மேசை மேலேயே பார்த்துவிடுங்கள். ஜீடெக்குக்கு சியரா சிவிஎச் எஞ்சினின் ஹவுசிங் பொருந்தும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சுலப வழி. ஆனால் காருக்குள் போன பிறகு ஸ்டார்ட்டர் ஸ்டியரிங் தண்டில் இடித்தால் அந்தச் சுலபம் எதற்கு?

ஹவுசிங் நேராக இருக்கிறதா என்று அளக்கத்தான் வேண்டுமா?

ஒரே காரிலிருந்து வந்த எஞ்சினும் ஹவுசிங்கும் என்றால் விட்டுவிடலாம். இரண்டும் வேறு என்றால், அல்லது நடுவே அடாப்டர் தகடு ஒன்று இருந்தால், கட்டாயம்.

பெட்டி நடுவில் நிற்பது போல்ட்டால் அல்ல, டோவல்களால், அதாவது துளையில் இறுக்கமாக உட்காரும் முளைகளால். போல்ட் வெறுமனே இறுக்கிப் பிடிக்கும். துளைக்குள் அது ஆடும் இடம் போதும், முழு வேலையும் கெட்டுப்போக. டோவல் தொலைந்துபோன ஹவுசிங்கை மாட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் ஒரே கோடையில் இரண்டு கிளட்ச் தட்டு மாற்றினார்.

அளக்கும் முறை: பிளைவீலில் காந்த அடியோடு டயல் கேஜை, அதாவது நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவியை, நிறுத்தி, அதன் தொடுமுனை ஹவுசிங்கின் நடுத் துளை விளிம்பைத் தொட வையுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முள் மொத்தம் 0.13 மி.மீ.க்கு மேல் அலையக்கூடாது. பழைய அளவில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. முள் காட்டுவது விலகலின் இரட்டிப்பு என்பதை நினைவில் வையுங்கள். 0.20 காட்டினால் மையம் 0.10 நகர்ந்திருக்கிறது. அதைத் திருத்த எக்சென்ட்ரிக் டோவல்கள், அதாவது மையம் விலக்கிக் கடைந்த பின்கள், விற்கிறார்கள். எந்த லேத் பட்டறையிலும் கடைந்தும் கொடுப்பார்கள். துளை முகம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் அதே கேஜை முகத்தில் வைத்துப் பாருங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

கட்டுகிறவர்கள் அதிகம் அசட்டை செய்வதும் இதையே. கார் அதிகம் பழிவாங்குவதும் இதில்தான்.

பெட்டியிலிருந்து டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குழாய்தான் இந்த ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் யூஜே கிராஸ், அதாவது கோணத்தில் மடங்கியபடியே சுற்றும் சிலுவை மூட்டு, இருக்கிறது. கிராஸ் கோணத்தில் சுற்றும்போது உள்ளே சீராக வரும் சுழற்சி வெளியே சீராகப் போவதில்லை. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். கோணம் 3 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம், தெரியாது. 10 டிகிரி என்றால் 1.5 சதவீதம், பல் கிட்டிக்கும். முன் கிராஸ் செய்யும் கோணலைப் பின் கிராஸ் நேர் எதிராகச் செய்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். அதனால்தான் பெட்டியின் அச்சும் டிஃபரன்ஷியல் பினியனின் அச்சும் இணைகோடாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே கோட்டில் இருக்க வேண்டியதில்லை, இணையாக இருந்தால் போதும். ஷாஃப்ட்டின் இரு முனை நுகங்களும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருப்பதும் அவசியம். நழுவும் ஸ்பிளைன் ஷாஃப்ட்டின் நடுவிலேயே இருந்தால், அதை ஒரு பல் தள்ளி மாட்டினாலே உதறும். கழற்றும் முன் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள்.

நம் காரில் ஷாஃப்ட் குட்டை. பெரிய காரில் ஒன்றரை மீட்டர் இருக்கும், நமக்கு கிராஸுக்குக் கிராஸ் 600 மி.மீ. இருந்தால் அதிகம். அந்த 600-இல் பெட்டியின் வால் 10 மி.மீ. மேலேயோ கீழேயோ போனால் கோணம் கிட்டத்தட்ட ஒரு டிகிரி மாறும். பெரிய காரில் அதே 10 மி.மீ.க்கு அரை டிகிரி கூட ஆகாது. ஆகவே, ‘ஒரு விரல் அளவுதானே’ என்று இங்கே சொல்ல முடியாது. பின் அச்சு மேலும் கீழும் ஆடும் வகையாக இருந்தால் இன்னும் மோசம், 60 மி.மீ. எழும்பினால் ஷாஃப்ட் ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாயும்.

பக்கவாட்டு விலகலையும் சேருங்கள். வலப்பக்கம் ஓட்டும் காரில் பெடலுக்கு இடம் விட எஞ்சினையும் பெட்டியையும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுவது வழக்கம். மேல்கீழாக 2 டிகிரி, பக்கவாட்டில் 1.5 டிகிரி என்றால் கிராஸ் உணர்வது 2.5 டிகிரி. இரண்டின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், பத்தாம் வகுப்புப் பித்தாகரஸ்தான்.

அப்படியானால் பூஜ்யமே நல்லதா? இல்லை. துளிக்கூடக் கோணம் இல்லாவிட்டால் கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று குத்திப் பள்ளம் போடும். அரை டிகிரியிலிருந்து மூன்று டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் வாழ்க்கை நன்றாகப் போகும்.

இதையெல்லாம் அளக்க வேண்டியது கார் தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது, ஆள் ஏறிய நிலையில். ஸ்டாண்டின் மேல் தொங்கும் காரில் அளந்த கோணத்துக்கு அர்த்தமில்லை. நான் சீட்டுக்கு நாலு வீதம் எட்டு இருபது கிலோ அரிசி மூட்டை அடுக்கினேன். வீட்டில் ஒரு மாதம் கடைக்குப் போகவில்லை.

ஷாஃப்ட் எவ்வளவு நீளம் செய்யச் சொல்ல வேண்டும்?

மேலே சொன்ன அதே நிலையில், எல்லாம் இறுதியாக போல்ட் போட்ட பிறகு அளந்து கொடுங்கள். அதற்கு ஒரு நாள் முன்னால் கூட வேண்டாம். நழுவும் நுகம் பெட்டிக்குள் முழுதாக நுழைந்து முட்டும் இடத்திலிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே நிற்கும்படி இருக்கட்டும். முட்டினால் பின் அச்சு எழும்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியின் பின் பேரிங்கைச் சுத்தியலால் அடித்த மாதிரி.

வெட்டிப் பற்றவைப்பதையும் பேலன்ஸ் செய்வதையும் ஷாஃப்ட் பட்டறையிடம் விடுங்கள். சேஸிஸை நாமே பற்றவைத்தோமே, இதையும் செய்யலாமே என்று கை அரிக்கும். உங்கள் இடுப்பு எலும்புக்கு ஒரு சாண் தள்ளி நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றப் போகிற குழாய் அது. அதனாலேயே முன் கிராஸுக்குப் பக்கத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் வைத்துச் சேஸிஸில் போல்ட் போடுங்கள். முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கிவிடும்.

மவுண்டிங் எப்படி?

எஞ்சினுக்கு இரண்டு, பெட்டியின் வாலுக்கு ஒன்று. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாலாவது கால் போட்டால் சேஸிஸ் முறுகும்போது ஏதோ ஒன்று வெடிக்கும். மூன்றிலும் ரப்பர். இரும்போடு இரும்பாக இறுக்கினால் விறைப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செவன் வடிவச் சேஸிஸ் ஓர் அங்குலச் சதுரக் குழாயால் ஆனது, குழாயின் சுவர் 1.6 மி.மீ.தான். அதில் நேராக அதிர்வைச் செலுத்தினால் பற்றுகள் விரிசல் விடும். அதற்கு முன் உங்கள் பல் கழன்றுவிடும்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை முழுதாகப் பற்றவைக்காதீர்கள், டேக், அதாவது புள்ளிப் பற்று, மட்டும் அடித்து வையுங்கள். நான் வால் மவுண்டிங்குக்கு ஒரு குறுக்குச் சட்டம் வைத்து, அளவெல்லாம் பார்த்து, அழகாக முழுப் பற்று போட்டு, பெயிண்டும் அடித்துவிட்டேன். கோவையிலிருந்து வந்திருந்த நண்பர், பட்டறையில் வளர்ந்தவர், குனிந்து ஒரு நிமிடம் பார்த்தார். “ஏனுங்க, பெட்டிய உள்ள வெச்சுட்டீங்க. வெளிய எப்படி எடுப்பீங்க?” என்றார். எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்துத்தான் மேலே தூக்க வேண்டும், தூக்கும்போது வால் கீழே இறங்கிச் சாய வேண்டும், அந்த வால் இறங்கும் வழியில் என் சட்டம் நின்றது. பெயிண்ட் காய்ந்த மூன்றாம் நாள் அதை அறுத்தேன். இப்போது இருப்பது நாலு போல்ட்டில் கழன்று வரும் சட்டம்.

பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் போக மறுக்கிறது. போல்ட் போட்டு இழுக்கலாமா?

கூடவே கூடாது. கிளட்ச் தட்டு மையத்தில் இல்லை, அல்லது ஸ்பிளைன் பல் இடத்தில் விழவில்லை. போல்ட்டால் இழுத்தால் ஹவுசிங் காது உடையும். தட்டை மையப்படுத்தப் பழைய முன் ஷாஃப்ட் ஒன்று இருந்தால் அதைவிட நல்ல கருவி கிடையாது. பெட்டியை நாலாவது கியரில் போட்டு, பின்னால் நுகத்தைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் சட்டென்று போய் உட்காரும். நடுவில் டீ குடிக்கப் போவதானால் பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போங்கள், தட்டின் நடுக்குழலில் அது தொங்கினால் தட்டு வளையும்.

கிளட்சுக்குக் கேபிளா, எண்ணெயா?

சியராவில் கேபிள்தான். கேபிள் போகும் பாதை அகலமான வளைவாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். செவன் வடிவில் எக்ஸாஸ்ட் பக்கத்தில் போனால் வெந்துவிடும்.

ஹைட்ராலிக் என்றால் கொஞ்சம் கணக்கு வேண்டும். பெடல் பாதம் 120 மி.மீ. நகர்ந்து, நெம்பு விகிதம் 5 என்றால் மாஸ்டர் சிலிண்டர் 24 மி.மீ. தள்ளும். மாஸ்டர் 5/8 அங்குலம், கீழே பெட்டிப் பக்கத்துச் சிலிண்டரான ஸ்லேவ் 3/4 அங்குலம் என்றால் ஸ்லேவ் நகர்வது 16.7 மி.மீ. கிளட்சை விலக்கும் உங்கள் ஃபோர்க்குக்கு அது போதுமா என்று மேசையிலேயே அளந்து பாருங்கள். போதாமல் கிளட்ச் முழுதாக விலகாவிட்டால் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கத்தும், நீங்கள் கியர்பாக்ஸைத் திட்டுவீர்கள்.

கிளட்சை அழுத்தி விலக்கும் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்த, ஷாஃப்ட்டைச் சுற்றி உட்காரும் ஸ்லேவ் பார்க்க நேர்த்தி. கசிந்தால் மொத்தப் பெட்டியும் வெளியே வர வேண்டும். எனக்கு அந்த நேர்த்தி வேண்டாம்.

எண்ணெய்?

பல டைப் 9 பெட்டிகளில் வடிக்கும் திருகே கிடையாது. ஆயுளுக்கும் ஒரே எண்ணெய் என்பது அன்றைய யோசனை. ஆகவே பெட்டி மேசையில் இருக்கும்போதே கவிழ்த்துப் பழையதை வடித்துவிடுங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு உயரம் என்பதற்கு உங்கள் பெட்டியின் வயதுக்குரிய கையேட்டைப் பாருங்கள். காருக்குள் போன பிறகு நிரப்பும் திருகுக்குச் சாவி எட்டுமா என்பதையும் பாருங்கள். சுரங்கத் தகட்டில் அந்த இடத்தில் ஒரு துளை போட்டு ரப்பர் மூடி வைத்தால் பின்னால் உங்களையே மெச்சிக்கொள்வீர்கள்.

ஸ்பீடோமீட்டர்?

பெட்டியிலிருந்து கேபிள் எடுத்தால் டயரும் டிஃபரன்ஷியலும் மாறியதால் தவறாகக் காட்டும். ஷாஃப்ட் போல்ட் தலைகளை எண்ணும் சென்சார் வைத்து எலக்ட்ரானிக் மீட்டரில் திருத்திக்கொள்வது சுலபம். பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்ய ஐவிஏ என்ற தனிப் பரிசோதனை இருக்கிறது. 2009-இல் பழைய எஸ்விஏ போய் இது வந்தது. அதில் மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டினால் தோல்விதான்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே?

கியர்பாக்ஸ் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது என்பது உண்மை. சுசுகி ஹயபுசா, யமஹா ஆர்1 எல்லாம் செவன் வடிவில் பறக்கும். ரிவர்ஸ் கிடையாது. அதற்குத் தனிப் பெட்டியோ மோட்டாரோ வேண்டும். மோட்டார் சைக்கிள் கிளட்ச் தன் வண்டியின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு எடையை மேட்டில் கிளப்பச் செய்யப்பட்டதும் அல்ல.

எஞ்சின் பின்னால் வைக்கும் காருக்கு?

அது வேறு உலகம். அங்கே பெட்டியும் டிஃபரன்ஷியலும் ஒன்றாக இருக்கும் டிரான்ஸ்ஆக்சில் வேண்டும். ஃபோர்டு ஜிடி40-இலும் டி டொமாசோ பன்டேராவிலும் இருந்தது இசட்எஃப் என்ற ஜெர்மன் நிறுவனம் செய்தது. விலையைக் கேட்டால் கார் கட்டும் ஆசை போகும். ரெனோவின் யுஎன்1 பெட்டி அல்பீன் ஜிடிஏ காரிலும் பிற்கால லோட்டஸ் எஸ்பிரிட்டிலும் வந்தது, கைக்கு எட்டும் விலையில் நெடுநாள் கிடைத்தது.

ஒரே எச்சரிக்கை, சுழலும் திசை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திருப்பி, எஞ்சின் அச்சுக்கு முன்னால் வரும்படி வைத்தால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு. டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைப் பினியனின் மறுபக்கம் மாற்றிப் போட வேண்டும். எல்லாப் பெட்டியிலும் அதற்கு இடம் இருக்காது, ஆகவே பணம் கொடுக்கும் முன் திறந்து பாருங்கள்.

தமிழ்நாட்டில் இப்படி ஒன்று கட்டலாமா?

கட்டலாம், சாலையில் ஓட்டுவதுதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கே கடுமையான தடை வைத்திருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கார் கட்டுகிறவருக்கு இங்கிலாந்தில் இருப்பது போன்ற எளிய வழி அங்கே இல்லை. தடத்தில் ஓட்டும் காராகக் கட்டினால் அர்த்தமுண்டு. கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டிக்கு வரும் கல்லூரி மாணவர்கள் தாங்களே சேஸிஸ் பற்றவைக்கிறார்கள்.

பெட்டிக்கு மாருதி ஆம்னி, ஈகோ பக்கம் பாருங்கள். எஞ்சின் நீளவாக்கில், பின்சக்கர இயக்கம், எடை குறைவு, உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். ஆம்னிக்கு நாலு கியர், ஈகோவுக்கு ஐந்து. பொலிரோ, டவேரா பெட்டிகளும் நீளவாக்கில்தான், ஆனால் அவை இந்தச் சின்ன உடம்புக்கு யானைக்கால்.

முதல் ஓட்டத்தில் சத்தம் வருகிறது. எதைச் சந்தேகிக்க?

நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் இருந்து, கிளட்சை மிதித்தால் நின்றால், பெட்டியின் முன் பேரிங் அல்லது லேஷாஃப்ட் (பெட்டிக்குள் இணையாக ஓடும் துணைத் தண்டு) பேரிங். மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் ரிலீஸ் பேரிங், இல்லாவிட்டால் ஸ்பிகாட் பேரிங். எல்லாக் கியரிலும் முனகி நாலாவதில் மட்டும் அடங்கினால் லேஷாஃப்ட். நாலாவதில் சுமை அதன் வழியே போகாது, நேராகப் போய்விடும்.

உதறல் என்றால் ஒரு சோதனை. எந்த வேகத்தில் உதறுகிறதோ அதே வேகத்தில் வேறு கியர் போட்டுப் பாருங்கள். உதறல் மாறாமல் இருந்தால் ஷாஃப்ட்டோ சக்கரமோ. எஞ்சின் சுற்றோடு சேர்ந்து உதறல் இடம் மாறினால் கிளட்ச், பிளைவீல் பக்கம். என் கார் 90 கி.மீ.யில் நடுங்கியது, எந்தக் கியரானாலும் 90-இல். கீழே படுத்து அளந்தேன், பினியன் மூக்கு இரண்டு டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பின் அச்சைச் சேஸிஸோடு பிடிக்கும் இணைப்புத் தண்டின் நீளத்தைச் சில சுற்று மாற்றியதும் போய்விட்டது. அரிசி மூட்டை ஏற்றாமல் கடைசி முறை அளந்ததால் வந்த வினை.

பெட்டியை மறுபடி வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்று எனக்கு மூன்று மணி நேரம். நாலு போல்ட் சட்டம் வருவதற்கு முன் ஒன்றரை நாள். இதுவரை ஐந்து தடவை எடுத்திருக்கிறேன்.